முன்னாடி அக்காவும் ஒரு ‘ன்னு’வும்

ஒளிபரப்பு நிலையத்தில் எல்லோருக்கும் அவள் முன்னாடி அக்காதான். வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர் வரை அப்படித்தான் சொல்வார்கள், முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பட்டம் வந்த கதை சின்னது. கேன்டீனில் யாராவது மேலதிகாரியோடு நடந்த சண்டையைக் கண் காது மூக்கு வைத்து அளந்துகொண்டிருப்பார்கள். "நான் சும்மாதான் நின்னுட்டிருந்தேன், மனுஷன் திடீர்னு எகிறிட்டார்" என்று முடிப்பார்கள். சுற்றி இருப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அக்கா மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, அதுக்கு முன்னாடி நீ என்ன சொன்னே?" என்று கேட்பாள். மனுஷன் எதற்கு எகிறினார் என்பது அப்போதுதான் மெல்ல வெளியே வரும்.

வீட்டிலும் இதே தொல்லைதான். அவள் கணவர் உயிரோடு இருந்தவரை, "உங்கம்மாகிட்ட எதையாவது சொல்லணும்னா ஒரு வக்கீலைக் கூட்டிட்டுத்தான் போகணும்டா" என்று மகனிடம் சொல்லிச் சிரிப்பார். மருமகள் வந்த புதிதில் இந்தக் கேள்வியைக் கேட்டு அழுதே விட்டாள். பிறகு பழகிவிட்டது. இப்போது அவளே தன் கணவனைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கிறாள்.

வேலை அப்படி. நிலையத்தின் பின்கட்டில், இரண்டாம் மாடியில், ஜன்னலே இல்லாத ஒரு நீண்ட அறை. அந்த நிலையம் எடுத்த படமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஒளிபரப்பானதும் உண்டு, எடுத்து வைத்துவிட்டு மறந்துபோனதும் உண்டு. பெரிய புத்தகம் அளவுக்கு இருக்கும் பழைய வீடியோ கேசட்டுகள் இரும்பு அலமாரிகளில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அவை கெடாமல் இருக்க அறையை எப்போதும் குளிராகவே வைத்திருப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போதும் அக்கா ஸ்வெட்டரோடுதான் உள்ளே போவாள். கடைக்கோடியில் இருக்கும் பிலிம் டப்பாக்களைத் திறந்தால் பிலிம் கெட்டுவருகிற வினிகர் வாசம் மூக்கைத் துளைக்கும்.

கேசட்டுகளில் பாதி பிசுபிசுத்துப்போனவை. அப்படியே போட்டால் நாடா இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். அதனால் ஒரு சூட்டுப் பெட்டியில் மிதமான சூட்டில் வைத்து ஈரத்தை எடுத்த பிறகுதான் ஓடவிட வேண்டும். "என்னக்கா, இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேலி செய்யாமல் அந்தப் பெட்டியை யாரும் தாண்டிப் போனதில்லை. "பழைய மந்திரி ஒருத்தர் வெந்துட்டிருக்கார்" என்பாள்.

கொஞ்ச காலத்துக்கு முன்னால் எல்லாக் கேசட்டையும் கணினிக்கு மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. கூடவே, ஒவ்வொரு கேசட்டிலிருந்தும் சில விநாடிகள் மாதிரிக்காக நிலையத்தின் இணையதளத்தில் போக வேண்டும், தேடி வருகிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியட்டும் என்றார்கள். மாதிரியைத் தேர்ந்தெடுக்க ஆளெல்லாம் வைக்கவில்லை. கணினியே ஒவ்வொரு கேசட்டிலும் ஓர் இடத்தில் தொட்டு, ஓர் இடத்தில் விட்டுவிடும். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "பேச்சுக்கு நடுவுல வெட்டுமே" என்று கேட்டுப் பார்த்தாள். மாதிரிதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். படம் வருகிறதா, சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்து அடுத்ததைப் போடு என்றார்கள். அவளும் போட்டாள். அலமாரி அலமாரியாகப் போட்டாள்.

இந்த வருஷ மழையில் அணை மறுபடியும் நிரம்பியது. ஆற்றோரத் தெருக்களில் இருப்பவர்களுக்குத் தூக்கம் போயிற்று. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மழையில், ஒரு மத்தியான வேளையில், மதகுகளைத் திறந்துவிட்டதில் அந்தத் தெருக்களை ஆறு வாரிக்கொண்டு போனதை யாரும் மறக்கவில்லை. அப்போது யார் திறந்தது, எதற்குத் திறந்தது என்று விசாரணை நடந்தது. வழக்கம்போல ஓர் அறிக்கை வந்தது. ‘உரிய நேரத்தில் எச்சரிக்கைச் சங்கு ஊதப்பட்டது, மழை இரைச்சலில் மக்கள் கவனிக்கவில்லை’ என்று அதில் எழுதியிருந்தார்கள். யார் திறந்தது என்பதைப் பற்றி வழவழவென்று நாலு வரி இருந்தது. பழைய கோபமும் புதிய பயமும் ஒன்றாகக் கிளம்பின சமயம் பார்த்து ஒரு வீடியோ எல்லோர் போனிலும் வந்து விழுந்தது.

கேன்டீனில் பக்கத்து மேஜைக்காரர் அதை அக்காவிடம் நீட்டினார். "பாருங்கக்கா, பாவி எவ்வளவு தைரியமா சொல்றான்." மேலே கொட்டை எழுத்தில் ‘ஊரை மூழ்கடித்தவன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட காட்சி’ என்று இருந்தது. கீழே ஈரச் சட்டையோடு ஓர் இளைஞன், வாய்க்கு முன்னால் மைக். அவன் சொன்னது ஒரே வாக்கியம்.

"நான்தான் மதகைத் தொறந்தேன்."

அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து ஓடியது. மூலையில் நிலையத்தின் முத்திரை இருந்தது. ஈரச் சட்டைக்காரன் அக்காவின் அண்ணன்.

மேஜைக்காரருக்கு அது தெரியாது. அக்கா போனை வாங்கிக் காதருகே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒரு வாக்கியம் முடிகிறபோது குரல் இறங்கும். இங்கே இறங்கவில்லை. கடைசி ‘ன்’ வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது, நாக்கு மேல்பல்லுக்குப் பின்னாலேயே நின்றது. படமும் வாய் மூடுவதற்கு முன்னால் அறுந்தது.

நம் பேச்சில் ஒரு வசதி இருக்கிறது, வம்பும் அதிலேதான் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் முழுசாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு ‘ன்னு’ சேர்த்தால் போதும், சொன்னது நாம் இல்லை, வேறு யாரோ என்றாகிவிடும். ‘அவன் திருடன்’ என்றால் அடிதடி. ‘அவன் திருடன்னு’ என்றால் தெருவில் யாரோ பேசிக்கொண்ட பேச்சு. இத்தனை பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தக் குட்டிச் சொல் வாக்கியத்தின் வாலில் வந்து நிற்கும். வாலை நறுக்கிவிட்டால் மூட்டை முழுவதும் பேசியவன் தலையில் விழுகிறது. அண்ணன் தலையில் அதுதான் விழுந்திருக்கிறது என்று அக்காவுக்குச் சந்தேகம் இல்லை. நறுக்கியது எந்தப் பகையாளியும் இல்லை, தன் அறையில் இருக்கும் கணினிதான் என்பதும் உடனே புரிந்தது. தலைப்பு மட்டும்தான் வேறு எவனோ வைத்தது. அந்தக் கேசட்டை இயந்திரத்தில் போட்ட கை அவளுடையது.

அண்ணன் அந்தக் காலத்தில் அணையில் மதகு பார்க்கும் வேலையில் இருந்தார். வெள்ளத்துக்குப் பிறகு வேலை போயிற்று. மேலதிகாரியோடு வாய்த்தகராறு, அதனால் விட்டுவிட்டேன் என்று வீட்டில் சொன்னார். பிறகு தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் சின்னக் கடை ஒன்று வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எரிந்த மோட்டாரைப் பிரித்து, புதிதாகச் செம்புக் கம்பிக் காயில் கட்டி, ஓடவிட்டுக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். பேச்சு குறைவு. தங்கை இவ்வளவு பேசிக் கேட்கிறவளாகவும் அண்ணன் இவ்வளவு வாயைத் திறக்காதவராகவும் இருப்பதைப் பார்த்து, இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அளந்ததை ஒருத்திக்கே ஊற்றிவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்வதுண்டு.

அன்று சாயங்காலம் அவள் கடைக்குப் போனபோது ஷட்டரில் யாரோ கறுப்புச் சாயத்தில் ‘கொலைகாரன்’ என்று எழுதியிருந்தார்கள். பாதியில் பிரித்துப்போட்டிருந்த தங்கள் மோட்டாரைக்கூட வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் அப்படியே வாரி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். பக்கத்துக் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து ஷட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுத்து போகாமல் பரவியது.

"அண்ணா, அந்த வீடியோ..."

"பாத்தேன்."

"நீ அப்படிச் சொல்லலன்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி என்ன பேசினே?"

அண்ணன் துணியை மடித்து வைத்தார். "முன்னாடி ஒண்ணும் இல்லம்மா. அப்புறம்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"நீ வீட்டுக்குப் போ. இருட்டப் போகுது."

ஆயுசு பூராவும் ‘அதுக்கு முன்னாடி’ என்று கேட்டவளுக்கு, ‘அப்புறம்’ என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தக் கேசட்டை எடுத்தாள். வெள்ளம் வந்த சமயம் அவள் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தாள், அதனால் அந்த அலமாரியை அடுக்கியது வேறு யாரோ. ‘அணைப் பகுதி, ஒளிபரப்பாதது’ என்று மட்டும் முதுகில் எழுதியிருந்தது. அறைக் கதவைத் தாளிட்டுக்கொண்டு ஓடவிட்டாள்.

முதலில் மழை. சேறு. மூட்டை முடிச்சோடு நடக்கிறவர்கள். பிறகு அணையின் கைப்பிடிச் சுவரோரம் அண்ணன். முகத்தில் இரண்டு நாள் தாடி. படத்தில் தெரியாத நிருபர், "மதகைத் தொறந்தது யாருங்க?" என்று கேட்கிறார்.

"நான்தான் மதகைத் தொறந்தேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க" என்றார் அண்ணன். "நான் எப்படி எழுதுவேன்? நான் அங்க இல்லவே இல்ல. மேல இருந்து போன் வந்திருக்கு, பெரியவங்க நின்னு தொறந்திருக்காங்க."

அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். ஆனால் படம் நிற்கவில்லை. நிருபர் அடுத்த கேள்வியைக் கேட்டார். "உங்களுக்கு அன்னிக்கு லீவா?"

"இல்ல சார். டூட்டி. என் தங்கச்சிக்குப் பிரசவம், ரத்தம் நிக்கலன்னு ஆஸ்பத்திரிலேருந்து ஆள் வந்தது. என் ரத்தம்தான் அவளுக்குச் சேரும். அவ வீட்டுக்காரர் வெளியூர்ல. கேக்காமக் கொள்ளாம ஓடிட்டேன்." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டார். "மதகு அன்னிக்கு என் கையில இல்ல சார். ஆனா சங்கு என் கையில இருந்தது. தண்ணிய விடறதுக்கு முன்னாடி சங்கு ஊதணும், அது என் வேலை. சங்கு ரூம் சாவி என் சட்டைப் பையில. ஆஸ்பத்திரில போய்த்தான் பாத்தேன். ஊதினதாவும் எழுதச் சொல்றாங்க. ஊதல சார். யாருமே ஊதல. அதை எழுதிக்கங்க."

நிருபர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. பேட்டி ஒளிபரப்பாகவே இல்லை. படம் அணையின் சுவரைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு அறுந்தது.

‘அன்னிக்கு எனக்கு லீவு. சும்மாதான் இருந்தேன், வந்துட்டேன்.’ முப்பது வருஷமாக அண்ணன் சொன்னது அதுதான். மகன் பிறந்த நாளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், நல்லவேளை அண்ணனுக்கு அன்றைக்கு லீவாக இருந்தது என்று அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஊரில் இருப்பவர்களிடமெல்லாம் முன்னாடி என்ன, முன்னாடி என்ன என்று குடைந்தவள், தன் உயிர் பிழைத்த கதையை மட்டும் கேள்வி கேட்காமல் முழுங்கியிருக்கிறாள். தான் பிழைத்ததும் அந்தத் தெருக்கள் போனதும் ஒரே சாவியில் இருந்திருக்கிறது. அவள் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதாள். யாரும் கேட்டுவிடக் கூடாதென்று இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டே அழுதாள்.

இயக்குநர் நல்ல மனிதர். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கணினி எடுக்கும் மாதிரித் துண்டுகளை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். "தப்பு நம்ம மேல. மறுப்பு குடுத்துடலாம்" என்றார். ஆனால் வெறும் மறுப்பை யார் படிப்பார்கள்? படத்தைக் காட்டினால்தான் நம்புவார்கள். ஒளிபரப்பாத பேட்டியை வெளியிட வேண்டுமானால் பேசியவர் சம்மதம் வேண்டும், அது நிலையத்தின் விதி; மாதிரித் துண்டுகள் விஷயத்தில் யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. "உங்க அண்ணன்தானே, கேட்டுட்டு வாங்க. அந்த ஒரு பதில் போதும்னாலும் சரி, முழுசா வேணும்னாலும் சரி. அவர் எதுக்கு சரின்னு சொல்றாரோ அது."

மகன் அதற்குள் கொதித்துக்கொண்டிருந்தான். அவன் பேருந்து நிறுவனம் ஒன்றில் மெக்கானிக். ஸ்பேனர் பிடிக்கக் கற்றதே மாமா கடையில்தான். பட்டறையில் ஒருத்தன் அந்த வீடியோவைக் காட்டி ஏதோ சொல்லப்போக, சட்டையைப் பிடித்துவிட்டு வந்திருந்தான். "கேசட்டுல என்ன இருக்கும்மா?" என்று கேட்டான்.

"‘தொறந்தேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க, நான் எப்படி எழுதுவேன், நான் அங்க இல்லவே இல்ல’ன்னு இருக்கு."

"அவ்வளவு போதுமே! அதை வெட்டிக் குடும்மா. இன்னிக்கே போட்டுடலாம். நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசினவன் எல்லாம் வாயைப் பொத்திட்டுப் போகட்டும்."

மீதியை அவள் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குப் பிறந்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் கணினி முன்னால் உட்கார்ந்து அவளே அதை வெட்டினாள். ‘மதகைத் தொறந்தது யாருங்க’ என்ற கேள்வியில் ஆரம்பித்து, ‘பெரியவங்க நின்னு தொறந்திருக்காங்க’ என்பதில் முடித்தாள். குரல் இறங்கும் இடம் பார்த்து, வாய் மூடும் இடம் பார்த்து, ஒரு பிசிறு இல்லாமல் வெட்டினாள். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கணினி செய்த அலங்கோலத்தைப் போல இல்லாமல் பார்க்கவே நிறைவாக இருந்தது. அந்த நிறைவுதான் அவளை உறுத்தியது. ஆனாலும் மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

ஷட்டரில் எழுத்து இப்போது ஒரு பெரிய கறையாக இருந்தது. உள்ளே அண்ணன் மட்டும் இருந்தார், மேஜையில் வேலை எதுவும் இல்லை. மகன் போனை அவர் கையில் கொடுத்தான். "மாமா, பாருங்க. அம்மா கண்டுபிடிச்சிட்டாங்க."

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தன்னுடைய இளம்வயது முகத்தைக் கண்டதும் சின்னதாகச் சிரித்த மாதிரி இருந்தது. துண்டு முடிந்தது. அவர் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"மீதி எங்க?"

"மீதி வேண்டாம்ணா" என்றாள் அக்கா.

"யாருக்கு வேண்டாம்?"

"உனக்குத்தான். இது போதும்ணா. நீ தொறக்கல. அதானே எல்லாரும் கேக்கறாங்க? அதுக்கு இது போதும்."

"மீதி என்ன மாமா?" என்றான் மகன். அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ பாத்தியா? முழுசாப் பாத்தியா?"

"பாத்தேன். லீவுன்னு சொன்னியேண்ணா."

"பிள்ளை பெத்துட்டுக் கெடந்தவகிட்ட வேற என்னத்தச் சொல்றது?"

மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அண்ணன் அவனைப் பக்கத்தில் இழுத்து ஸ்டூலில் உட்காரவைத்தார். ஆஸ்பத்திரி, ரத்தம், சாவி, சங்கு எல்லாவற்றையும், எரிந்த மோட்டாரில் என்ன கோளாறு என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார். கேட்கக் கேட்க அவன் முகம் சின்னதாகிக்கொண்டே போனது.

"அப்போ என்னாலதானா?" என்றான்.

"நீ பொறந்தே. உங்கம்மா பொழச்சா. உங்க ரெண்டு பேர் மேலயும் ஒரு தப்பும் இல்ல" என்றார் அண்ணன். "சாவியைக் குடுத்துட்டுப் போயிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. நான் மறந்துட்டேன். அது என் கணக்கு, அதை எனக்கே விட்டுடு."

பிறகு தங்கையிடம் திரும்பினார். "அவங்க என்னை ஒரு இடத்துல வெட்டினாங்க. நீ வேற ஒரு இடத்துல வெட்டியிருக்கே. உன்னது அழகா இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்."

"உன்னைப் பேசறதைக் கேக்க முடியலண்ணா."

"பேசட்டும். அன்னிக்கு நான் சொன்னதை ஒருத்தரும் போடல. இன்னிக்காவது போடு. போட்டா முழுசாப் போடு, இல்லன்னா விட்டுடு. பாதியில நிறுத்தாதே."

முழுசாகவே போட்டார்கள். மழையில் ஆரம்பித்து அணைச் சுவரில் முடிகிற வரைக்கும், ஒரு விநாடி குறையாமல். எது எந்தத் தேதியில் எடுத்தது, மாதிரித் துண்டு எப்படி வந்தது, தவறு யாருடையது என்றும் கூடவே எழுதினார்கள்.

நல்லது நடந்ததா என்று கேட்டால் என்ன சொல்வது? பக்கத்துக் கடைக்காரர் தானாக வந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். மோட்டாரை வாரிக்கொண்டு போன இரண்டு பேரில் ஒருவர், ஒன்றும் நடக்காதது போல அதைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கினார். முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தவர்கள் சிலர் வெட்கப்பட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் அவ்வளவு பொறுமை ஏது? இரண்டாம் நாளே ‘சாவி என் சட்டைப் பையில’ என்பதை மட்டும் எவனோ வெட்டி எடுத்து, ‘சாவியோடு ஓடியவன்’ என்று தலைப்பு வைத்து விட்டான். அக்கா அதையும் பார்த்தாள். மகன் பல்லைக் கடித்தான். அண்ணன் கேட்டுவிட்டு, "இதுல பொய் இல்லையே" என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார். தான் வெட்டிய துண்டையே போட்டிருந்தால் இந்தத் துன்பம் அவருக்கு வந்திருக்காதே என்று அவள் நினைக்காத நேரம் இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும். அவள் கடையில் இருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். எண்பதைத் தொட்டிருப்பார். குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு, வாங்க என்று சொல்லும்வரை வெளியிலேயே நின்றார். அண்ணன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பெரியவர் உட்காரவில்லை.

"நான் ரொட்டிக் கடையில அடுப்பு வேலை பாத்தவன். ராத்திரி பூரா வேலை, பகல்ல தூக்கம்" என்றார். "வீடு ஆத்தோரத்துல. நான் மேல படுத்துத் தூங்கிட்டிருந்தேன். என் வீட்டுக்காரி கீழ இருந்தா."

அண்ணன் எழுந்து நின்றார்.

"என்னை ஓட்டைப் பிரிச்சு மேல தூக்கிட்டாங்க. அவ கிடைக்கல. சங்கு ஊதிச்சுன்னு சொன்னாங்க. அறிக்கையிலயும் எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காதாலயே கேட்டேன்னார், ரெண்டு தடவை ஊதிச்சுன்னார். அப்போ எனக்கு மட்டும் ஏன் கேக்கல? நான் செத்த பொணமாத் தூங்கியிருக்கேன். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். சங்கைக் கேட்டுட்டு அவளைக் கூட்டிட்டுப் போக வேண்டியவன் நான்தான்." அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அன்னிலேருந்து நான் பகல்ல படுத்ததே இல்ல. பேத்தி ஏதோ வீடியோ வந்திருக்குன்னு சொன்னா. அதை உங்க வாயால கேக்கலாம்னு வந்தேன். சங்கு ஊதலயா?"

"ஊதல" என்றார் அண்ணன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா. சாவி என்கிட்ட இருந்தது. நீங்க முழிச்சிட்டு உக்காந்திருந்தாலும் உங்களுக்குக் கேட்டிருக்காது."

பெரியவர் அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபப்படுவார், அடித்தாலும் அடிப்பார் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவர் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "உங்களை மன்னிக்கிறேன்னு சொல்ல எனக்கு வரல" என்றார்.

"வேண்டாங்க" என்றார் அண்ணன்.

"அந்தப் படத்தை நான் பாக்கணும். பேத்தி போன்ல எனக்குக் கண்ணு தெரியல, காதும் சரியாக் கேக்கல."

அக்கா அவரை ஆட்டோவில் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குளிருமே என்று தன் ஸ்வெட்டரை அவர் தோளில் போட்டாள். பெரிய திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு, சத்தத்தைக் கூட்டி, முதலிலிருந்து ஓடவிட்டாள். மழை வந்தது, சேறு வந்தது, அண்ணன் வந்தார். தொறந்தேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க என்றார். பெரியவர் அசையவில்லை. ஆஸ்பத்திரி, ரத்தம், சாவி எல்லாம் போயிற்று.

"ஊதல சார். யாருமே ஊதல" என்றார் திரையில் அண்ணன்.

பெரியவர் கையைத் தூக்கினார். அக்கா படத்தை நிறுத்தினாள்.

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி போம்மா" என்றார். "இன்னொரு தடவை கேட்டுக்கறேன்."

அக்கா முன்னாடி போனாள். அவர் கேட்டார், மறுபடியும் கையைத் தூக்கினார், அவள் மறுபடியும் போனாள். எத்தனை தடவை என்று இரண்டு பேருமே எண்ணவில்லை. கடைசியில் ஒரு தடவை கை எழும்பவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பட்டப்பகலில் பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவர் விழிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.